பால் திரியாத மாதம்

ஐப்பசி 2

சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட முடியாது. உப்பு. பாலை ஊற்றிய கையோடு திரிந்துவிடும். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்த பிறகு ஒரு காலையில் சோதித்துப் பார்ப்பேன். ஒரு தம்ளர் கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் டீத்தூள், கொதி வந்ததும் அரைக் கரண்டி பால். இன்று பார்த்தேன். ஓரத்தில் லேசாகத் துகள் கட்டியது. இன்னும் இரண்டு மழை வேண்டும்.

மத்தியானம் தங்கை மகள் போன் செய்தாள். கனடாவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள். "பெரியம்மா, தீபாவளி லீவுக்கு அங்கே வர்றேன். உங்க வீட்டுல ஒரு ஆட்டம் டீ பார்ட்டி வைக்கலாமா?"

"ஆடறது யாரு?" என்றேன்.

சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. ஆட்டம் என்றால் இலையுதிர் காலமாம். செக்கச்சிவந்த இலைகள், ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய், மெழுகுவர்த்தி, பழுப்பு விரிப்பு என்று பத்துப் படங்கள் அனுப்பினாள்.

ஐப்பசி 3

இலையுதிர் காலத்தை நான் இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பருவங்கள் நான்கு என்று பாடம். ஒரு வருஷம் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "எந்த மரத்துல டீச்சர்?" என்று கேட்டான். பனை, தென்னை, சீமைக் கருவேலம். பழவேற்காட்டில் கண்ணுக்கு எட்டிய வரை இவைதான். வேப்பமரம் உதிர்க்கும், ஆனால் அது மாசி பங்குனியில். ஐப்பசியில் எல்லாம் துளிர்த்து நிற்கிறது. அவனை உட்காரச் சொன்னேன். வேறென்ன சொல்வது?

நம் பழைய கணக்கில் பருவம் ஆறு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். சொல் நம் வாயைவிட்டுப் போய்விட்டது. ராத்திரியில் ஜன்னல் வழியாக வரும் வாடைக்காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. வடமொழிக் கணக்கில் இதற்குச் சரத் என்று பெயர். சாரதா நவராத்திரி என்பது அதனால்தான். சென்ற மாதம் கொலு வைத்து, வீடு வீடாகப் பெண்களை அழைத்துச் சுண்டல் கொடுத்தோமே, அதுவும் சரத்கால விருந்துதான். யாரும் தீம் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு மரம் உண்டு. பின்கட்டில் நிற்கும் வாதாங்கொட்டை மரம். அது பருவம் பார்ப்பதில்லை. உதிரப்போகும் இலையை மட்டும் தனியாகச் சிவக்க வைக்கும். நரம்பு மஞ்சள், நடுவில் ரத்தச் சிவப்பு, விளிம்பில் கொஞ்சம் பச்சை. இன்று காலை துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு ஏழு இலை பொறுக்கினேன். இருபது வருஷமாகப் பெருக்கித் தள்ளியது.

ஐப்பசி 5

அழைப்பு வைப்பதுதான் இங்கே கஷ்டம். "ஞாயிறு சாயந்திரம் நாலு மணி" என்று தங்கை மகள் செல்லில் ஒரு கார்டு செய்து அனுப்பிவிட்டாள். நான் நேரில் போய்ச் சொன்னேன்.

"நாலு மணியா? வத்தம் எப்பன்னு பாத்துட்டுச் சொல்றேன் டீச்சரம்மா" என்றார் கோட்டைக்குப்பத்துப் பெரியவர்.

தண்ணீர் ஏறும் ஏத்தமும் வடியும் வத்தமும் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிக்கொண்டே போகும். அதற்கு மேல் பாடு. ஏரியில் இறால் நடக்கும் இடங்களைப் பங்கு வைத்து, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை போட்டுச் சுத்து வலை கட்டும் ஏற்பாடு. முறை தவறினால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாற்று வெள்ளம் கலந்து ஏரியில் உப்பு குறையும். இறால் கடலைப் பார்த்து நகரும். இந்த நாளில் கிடைக்கும் பாட்டை யாராவது டீக்காக விடுவார்களா? பாடு இல்லாத சாதிக்காரர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அதுவும் நியாயம்தான். இருந்தாலும், முறை, உழைப்பு, துன்பம் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஊரில் நாலு மணி என்று கார்டு அடித்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

"எப்ப முடியுதோ அப்ப வாங்க. அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கும்" என்று எல்லார் வீட்டிலும் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி 6

பழுப்பு விரிப்புக்குப் பதில் பொன்னேரியில் வாங்கிய கட்டம் போட்ட கைலி. மலேசியாவில் கட்டக் கைலிக்குக் காயின் பெலிகாட் என்று பெயர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். கப்பலில் போன துணி ஊர்ப்பெயரையும் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டது. அதை மேஜையில் விரித்தபோது, "லுங்கியா பெரியம்மா?" என்று முகம் சுளித்தாள் அதற்குள் வந்து இறங்கியிருந்த தங்கை மகள். கதையைச் சொன்னதும் நான்கு பக்கமும் இழுத்துச் சரி செய்தாள்.

டீக்கும் இந்த ஊருக்கும் ஒரு விசித்திரமான ஒட்டு. டச்சுக் கம்பெனி ஐரோப்பாவுக்கு முதல் தேயிலையைக் கொண்டுபோனது 1610 வாக்கில் என்பார்கள். அதே 1610-இல்தான் விஜயநகர அரசர் வேங்கடரிடம் அனுமதி பெற்று அவர்கள் இங்கே காலூன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரைக்கு இதுவே அவர்களின் தலைமையிடம். அவர்கள் இங்கே விட்டுப்போனது டீயை அல்ல. கோட்டையின் மேட்டையும், வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் ஒரு கல்லறைத் தோட்டத்தையும் விட்டுப்போனார்கள். எடுத்துப்போனதில் துணி மட்டும் இல்லை, மனிதர்களும் உண்டு. இந்தத் துறையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றியிருக்கிறார்கள். கைலியின் கட்டங்களை நீவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டீ நம் வீட்டுக்கு வந்தது வெகு பின்னால். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: காப்பி நடுத்தர வர்க்கத்துப் பெருமையாக ஏறி உட்கார்ந்தது, டீ உழைப்பாளியின் பானமானது. குப்பத்தில் காப்பியா டீயா என்ற கேள்வியே எழாது.

ஐப்பசி 8

பக்கத்து வீட்டு அக்கா பனையோலைப் பெட்டி முடைகிறவர். இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பலருக்கு அது கைவந்த தொழில். மேப்பிள் இலைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"இதென்ன டீச்சர், ஆமணக்கு இலை மாதிரி இருக்கு?"

சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலையை எடுத்து, பல்லால் நுனியைக் கிழித்து, கட்டைவிரல் நகத்தால் மடித்து அழுத்தி, பத்து நிமிஷத்தில் ஒன்று முடைந்து நீட்டினார். ஐந்து நுனியும் வந்திருந்தது. ஆனால் இரண்டு நுனி தூக்கிக்கொண்டு நின்றதில் அசல் நண்டு. "நண்டே இருக்கட்டும்" என்றாள் தங்கை மகள். பன்னிரண்டு நண்டு சொல்லிவிட்டோம்.

பரங்கிக்காய்க்குக் கவலையில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். பேரிலேயே பரங்கி இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு நூறு வருஷம் முன்பே இங்கே கடை விரித்த பரங்கியர் போர்த்துகீசியர்கள். 1515 என்று வருஷம் சொல்லும் மகிமை மாதா கோயில் அவர்கள் காலத்தது. காயை அவள் குடைந்து விளக்கு வைக்க, சதையை நான் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிளறினேன்.

ஐப்பசி 11

காலையில் இருளர் பெண் ஒருவர் இறால் கொண்டுவந்தார். வலை கிடையாது. கழுத்து வரை நனையத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதை வாயில் கவ்வியிருக்கும் பறியில் போடுகிறார்கள். பறியின் ஓலை விளிம்பில் பல் பதிந்த தடம் இருந்தது, ஒரே இடத்தில், வரிசையாக. எடை போடும்போது என் கண் அங்கேயே நின்றது. நாளைக்கு டீக்கு வாங்க என்றேன். "முடிஞ்சா வரேம்மா" என்றார். நாங்கள் வடைக்கு ஆய்ந்த இறால் அது.

ஐப்பசி 12

விடியற்காலையிலிருந்து மழை. நாலு மணிக்கு வந்தது பக்கத்து வீட்டு அக்கா மட்டும். ஐந்தரைக்குக் கரண்ட் போனது. பரங்கிக்காய் விளக்கு அப்போதுதான் வேலைக்கு வந்தது. ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் இருவர், குடை திரும்பி நனைந்து. இருளர் பெண் வரவில்லை.

சுண்டலையும் வடையையும் வாதாம் இலையில் வைத்துக் கொடுத்தோம். டீ ஊற்றிய கண்ணாடித் தம்ளர்கள் சந்திரயான் போன 2008 அக்டோபர் 22-லும் மங்கள்யான் போன 2013 நவம்பர் 5-லும் அலமாரியில் கிணுகிணுத்தவை. அவையும் ஐப்பசி நாட்கள்தான். அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் இக்கரையில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. எங்களுக்கு அதன் கணக்கு அப்படி.

ஏழே முக்காலுக்குப் பெரியவர் வந்தார். பேரனும் கூட. இருவர் மேலும் சேற்று வாசனை. வாசலிலேயே நின்று, "மொகத்துவாரம் ஒடைஞ்சிடுச்சு. தண்ணி கடலுக்குப் பிச்சிக்கினு ஓடுது" என்றார். அறையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் முகம் மலர்ந்தது. சில வருஷம் மணல் மூடிக்கொண்டு, குப்பத்து ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி வெட்டித் திறந்ததெல்லாம் இவர்களுக்கு மறக்காது.

பேரன் மேஜையைப் பார்த்து, "நண்டு சூப்பரா இருக்கு" என்றான். மேப்பிள் என்று தங்கை மகள் திருத்தவில்லை.

பாக்கெட் பால் இருந்தது. கேன் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. நாலு தடவை டீ போட்டாயிற்று. வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, தூள் போட்டு, கொதித்ததும் பாலை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தேன். துகள் இல்லை. ஓரம் வரை ஒரே நிறம்.

பெரியவர் இரண்டு தம்ளர் குடித்தார். ராத்திரி பாடு இருக்கிறது என்று ஒன்பதுக்கு முன் எழுந்துகொண்டார்.

ஐப்பசி 13

கார்த்திகை கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் டீதான். வருகிறவர்கள் பொன்னேரி வரை ரயிலில் வந்து பஸ் ஏறுங்கள். நேரம் சொல்ல வேண்டாம். குடை மட்டும் கொண்டுவாருங்கள்.