தாய்மடிக் குருகுலம்

ஸ்ரீ:

இம்மலரில் அடியேனுக்கு அளிக்கப்பட்ட சில பக்கங்களை, தன் குழந்தைக்குத் தானே முதல் ஆசிரியையாக அமர்ந்து வீட்டிலேயே கற்பிக்கும் தாயின் பெருமையைச் சொல்வதற்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். உத்ஸவ காலங்களில் தீர்த்தம் ஸாதிக்கும்போது தாய்மார்கள் கேட்கும் ஸந்தேகம் பெரும்பாலும் ஒன்றே. “ஸ்வாமி, குழந்தைக்குப் பெருமாள் விஷயம் சொல்லிக்கொடுக்க ஆசைதான். அதிலேயே மனம் போய்விட்டால் நாளைக்கு உலகத்தில் எப்படிப் பிழைப்பான்?” என்கிறார்கள். உடன் வந்த அகத்துக்காரர் இதையே சற்று உரத்த குரலில் கேட்பதும் உண்டு.

இந்தக் கேள்வி புதிதன்று. மார்க்கண்டேய புராணத்தில் ஓர் அரசன் தன் பட்டத்து ராணியிடம் கேட்ட கேள்வியே இது. அந்த ராணியின் பெயர் மதாலஸை. விச்வாவஸு என்னும் கந்தர்வ ராஜனுடைய குமாரத்தி. சத்ருஜித் மகாராஜாவின் திருக்குமாரனான ருதத்வஜனை மணந்தவள். அவளை அஸுரன் கவர்ந்து சென்றதும், பொய்ச் செய்தி கேட்டு அவள் உயிர் நீத்ததும், நாகராஜனுடைய தபோபலத்தால் மீண்டு வந்ததும் தனிப் பெருங்கதை. நமக்கு வேண்டியது அவள் தாயான பிறகு நடந்தது.

முதல் பிள்ளை பிறந்தான். அரசன் விக்ராந்தன் என்று பெயரிட்டான். மதாலஸை சிரித்தாள். தொட்டிலில் அழுத குழந்தைக்கு அவள் பாடிய தாலாட்டோ விசித்திரமானது. குழந்தாய், எதற்காக அழுகிறாய்? இந்தப் பெயர் இன்றைக்கு ஒட்டவைத்தது. இந்த உடம்பு ஐந்து பூதங்களின் கூட்டு. நீ இவையல்லை என்பதே அந்தத் தாலாட்டின் ஸாரம். பால் குடிக்கும் வயதிலிருந்து இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை ராஜ்யத்தில் பற்றில்லாதவனானான். இரண்டாவது பிள்ளைக்கு ஸுபாஹு என்று பெயர். அப்போதும் சிரித்தாள். மூன்றாமவன் சத்ருமர்தனன். அதற்கும் சிரித்தாள். மூவரும் ஒரே வழியில் போனார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. ஆத்மாவுக்குப் பெயரில்லை, உருவமில்லை என்று அவள் பாடியதைக் கொண்டு சிலர் வேறு ஸித்தாந்தம் பேசுவார்கள். நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் பார்த்தால், தேஹம் வேறு, ஆத்மா வேறு என்னும் முதற்படியை அந்தத் தாய் ஊட்டினாள். அந்த ஆத்மா எம்பெருமானுக்கே சேஷபூதன் என்னும் அடுத்த படியை ஆசார்யன் ஊட்ட வேண்டும். முதற்படி ஏறாதவனுக்கு அடுத்த படி எப்படி எட்டும்?

நான்காவது பிள்ளை பிறந்தபோது, நீதான் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாயே, நீயே பெயர் வை என்றான் அரசன். அவள் அலர்க்கன் என்று வைத்தாள். பொருளற்ற பெயராயிற்றே என்று இப்போது அரசன் சிரித்தான். அதற்கு அவள், விக்ராந்தன் என்றால் அடியெடுத்து நடப்பவன். நடை உடம்புக்குத்தானே, ஆத்மாவுக்கு ஏது? ஸுபாஹு என்றால் நல்ல தோள்களையுடையவன். உருவமில்லாததற்குத் தோள் ஏது? எல்லா உடம்புகளிலும் ஆத்மா ஒரே தன்மையானதாயிருக்கச் சத்ரு யார், மர்தனம் செய்பவன் யார்? பெயரெல்லாம் கூப்பிடுவதற்காகத்தானே, அதற்கு அலர்க்கன் என்பதும் போதும் என்றாள்.

அரசனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் கவலை உண்மையானது. இவனையும் அந்த வழியில் அனுப்பிவிடாதே; குலம் நின்றுவிடும், தேவதைகளுக்கும் பித்ருக்களுக்கும் செய்ய வேண்டியவை நின்றுவிடும், இவனைக் கர்மமார்க்கத்தில் நிறுத்து என்று வேண்டிக்கொண்டான். கதை சொல்பவர்கள் பலர் இந்த அரசனை அஞ்ஞானி என்று தள்ளிவிடுகிறார்கள். அடியேனுக்கு அது ஸம்மதமில்லை. பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்படுவது தகப்பனுடைய தர்மம். மதாலஸையும் அவனைப் பரிஹாஸம் செய்யவில்லை. அதே மடியில் வைத்துக்கொண்டு நான்காவது பிள்ளைக்கு வேறு பாட்டுப் பாடினாள்: பூமியை நன்றாக ஆள்வாயாக, ஸுஹ்ருத்துக்களை மகிழ்விப்பாயாக, ஸாதுக்களைக் காப்பாயாக என்று. உபநயனம் ஆனபின் ராஜதர்மம், வர்ணாச்ரம தர்மம், அதிதி பூஜை, சிராத்தம், அன்றாட ஸதாசாரம் யாவற்றையும் அவன் கேட்கக் கேட்க அவளே சொல்லிக்கொடுத்தாள்.

கணவனோடு வனத்துக்குப் புறப்படும்போது அலர்க்கனுக்கு ஒரு மோதிரம் தந்தாள். தாங்க முடியாத துக்கம் வரும்போது இதற்குள் எழுதியிருப்பதைப் படி என்று மட்டும் சொன்னாள். வெகு காலம் அவன் சுகமாக ஆண்டான். பிறகு தமையனான ஸுபாஹுவே காசி ராஜனோடு சேர்ந்து படையெடுத்து வந்து கோட்டையை முற்றுகையிட்டான். பொக்கிஷம் வற்றியது. அப்போதுதான் மோதிரத்தின் நினைவு வந்தது. பற்றை விடு, விட முடியாவிட்டால் ஸத்துக்களிடம் பற்று வை என்னும் கருத்து அதிலே இருந்தது. அலர்க்கன் தத்தாத்ரேயரைச் சரணடைந்து தெளிவு பெற்றான். திரும்பி வந்து தமையனிடம், ராஜ்யத்தை எடுத்துக்கொள் என்றான். ஸுபாஹுவோ, எனக்கு ராஜ்யம் எதற்கு? ஒரே தாயின் பாலைக் குடித்த நீ மட்டும் ஸம்ஸாரத்தில் அழுந்திக் கிடப்பதைக் காணப் பொறுக்காமல்தான் இப்படிச் செய்தேன் என்று சொல்லிப் போய்விட்டான்.

ஆகவே அந்தத் தாய் நான்காவது பிள்ளைக்கு உலகத்தை மட்டும் கற்பித்து விட்டுவிடவில்லை. தான் அருகில் இல்லாத காலத்துக்கும் ஒரு பாடத்தைத் தங்கத்துக்குள் மூடி வைத்துப் போனாள்.

புராண காலத்து ராணியை விட்டுத் திருவரங்கத்துக்கு வருவோம். எம்பெருமானார் காலத்தில் கூரத்தாழ்வான் பெருஞ்செல்வத்தைத் துறந்து, உஞ்சவிருத்தி செய்து அங்கே வாழ்ந்தார். அவருடைய தர்மபத்தினி ஆண்டாள். மழையால் உஞ்சவிருத்திக்குப் போக முடியாமல் ஆழ்வான் பட்டினியிருந்த இரவில், பெரிய பெருமாள் அமுது செய்யும் மணியோசை கேட்டது. உன் அடியார் பட்டினியிருக்க நீ அமுது செய்கிறாயோ என்று அந்த அம்மையார் மனத்தில் நினைத்த மாத்திரத்தில் பிரஸாதம் வீடு தேடி வந்தது. அந்தப் பிரஸாத மஹிமையால் பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் திருவவதரித்தார்கள் என்பது நம் குருபரம்பரை. அக்குழந்தைகளின் செவியில் எம்பார் காப்பாக ஓதியது த்வயம்.

அப்படிப்பட்ட அகத்தில் வளர்ந்த பிள்ளை தெருவில் மணல் விளையாடும் வயதிலேயே, ஸர்வஜ்ஞன் என்று விருது ஊதிப் பல்லக்கில் வந்த பண்டிதரை மறித்து, கையில் மணலை அள்ளி இது எவ்வளவு என்று கேட்டது. பண்டிதர் திகைத்தார். ஒரு பிடி என்று சொல்லத் தெரியவில்லையே என்றது குழந்தை. அதே பிள்ளைதான் பின்னாளில் ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்துக்குப் பகவத்குண தர்ப்பணம் என்னும் பாஷ்யம் அருளிச்செய்தார்.

பட்டர் இளம் பிராயத்திலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெற்ற வயிறு எப்படித் தாங்கியிருக்கும்? தம்பியான வேதவ்யாஸ பட்டர் கதறி அழுதார். அவரைத் தேற்றியவர் அந்தத் தாயே. உன் தமையன் பரமபதம் சென்றதில் உனக்குப் பொறாமையோ என்று கேட்டாராம். இதை எழுதும்போதே அடியேனுக்குக் கை நடுங்குகிறது. பிள்ளையைப் பெருமாளுடைய சொத்து என்று நினைத்து வளர்த்தவருக்கன்றி அந்த வார்த்தை வாயில் வராது.

இனி, இல்லத்தில் கற்பிக்க என்ன கருவி உண்டு என்று கேட்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். பெரிய செலவு வேண்டாம். பெரியாழ்வார் திருமொழி ஒன்று அகத்தில் இருக்கட்டும். யசோதைப் பிராட்டியின் பாவனையில் ஆழ்வார் குழந்தையைத் தொட்டிலிடுகிறார், அம்புலியை அழைக்கிறார், சப்பாணி கொட்டச் சொல்கிறார், தளர்நடை பார்க்கிறார், காது குத்துகிறார், நீராட்டுகிறார், குழல் வாருகிறார், பூச்சூட்டுகிறார். குழந்தை வளர வளர பாசுரமும் வளரும். குளிக்க மறுத்து ஓடும் பிள்ளைக்கு நீராட்டப் பதிகத்தைச் சொல்லிப் பாருங்கள்! திருப்பாவை முப்பதும் ஒரு மார்கழியில் வராது. ஆண்டுக்குப் பத்து என்றால் மூன்று மார்கழியில் வந்துவிடும். ஸஹஸ்ரநாமத்தைப் புத்தகத்தைக் காட்டிக் கற்பிக்காதீர்கள்; விளக்கேற்றியபின் நீங்கள் சொல்லுங்கள், அது தானே கூடச் சொல்லும். பாடசாலையில் அடியேன் கண்டதும் இதுதான்: தாயார் வாயால் கேட்டு வந்த பிள்ளைக்கு ஸ்வரமும் உச்சரிப்பும் திருத்த வேண்டியிருப்பதில்லை.

கணக்கு வேண்டுமா? கோலத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தளிகைக்கு அரிசி அளக்கும்போது எட்டு ஆழாக்கு ஒரு படி, நாலு உழக்கு ஒரு படி, இரண்டு உரி ஒரு படி என்று அளந்தே காட்டினால் பின்னம் என்பது பயமுறுத்தாது. பஞ்சாங்கத்தில் திதி பார்க்கத் தெரிந்த குழந்தை வானத்தில் சந்திரனையும் பார்க்கும். பூகோளத்துக்குத் திவ்யதேசங்கள் போதும். நூற்றெட்டில் பூமியில் உள்ளவை 106. படத்தில் காவிரியைப் பிடித்துக்கொண்டு திருவரங்கம், தாமிரபரணிக் கரையில் திருக்குருகூர், அலகநந்தைக் கரையில் பத்ரி, நேபாளத்தில் கண்டகி தீரத்தில் ஸாளக்ராமம் என்று விரல் வைத்துப் போனால் தேசமே மனத்தில் பதியும்.

பள்ளிக்கே அனுப்பாமல் முழுவதும் வீட்டிலேயே கற்பிக்கும் தாய்மாரும் இன்று நம் நாட்டில் சிலர் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள், 1989இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுத இடமுண்டு. இது எல்லாருக்கும் ஏற்றதென்று அடியேன் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் விடியற்காலையும் விளக்கு வைக்கும் வேளையும் அகத்தில்தானே கழிகின்றன?

சாற்றுமுறை நாளன்று கோஷ்டிக்கு அருகில் குழந்தைகளுக்கென்று இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அழைத்து வந்து அங்கே உட்கார வையுங்கள். தூங்கிவிட்டால் அதட்டி எழுப்ப வேண்டாம். சர்க்கரைப் பொங்கல் விநியோகமாகும்போது அடியேனே எழுப்பிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்