இரட்டிப்பாகாத பத்து

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தோம். தம்பி முறை ஆகிறவனின் வீடு. மூத்த பையன் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு பிறந்தது இது; இதுவும் ஆண். பெரியம்மா ஒருத்தி பிள்ளையை மடியில் வாங்கி நெற்றியைத் தடவிக்கொடுத்து, "போன உசுரே திரும்பி வந்துருக்குடி. மூக்கப் பாரு, அச்சு அசலா அவனேதான்" என்றாள். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். பெற்றவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இல்லத்தே, இது வேற" என்றாள்.

குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கிப் பால் கொடுக்க உள்ளே போய்விட்டாள்.

பெரியம்மா சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. செத்தவர்கள் அதே வீட்டில் வந்து பிறப்பார்கள் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேரைப் பாயிலிருந்து எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. அதைக் கையில் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்காக இந்தப் பிள்ளையிடம் அவளுக்குப் பிரியம் குறைவு என்றும் சொல்ல முடியாது. பால் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நம்பிக்கையை வேண்டாம் என்றவள், பிள்ளையை வேண்டும் என்கிறாள். இந்த இரண்டும் எப்படி ஒரே மனதில் இருக்கின்றன என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பாதிரிமார் பள்ளியில் படித்த காலத்தில் யோபுவின் கதையைக் கேட்டிருக்கிறேன். ஊத்ஸ் தேசத்துப் பணக்காரன், உத்தமன். அவனைச் சோதிக்க அனுமதி தரப்படுகிறது. ஒரே நாளில் எல்லாம் போகிறது. மூத்த மகன் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டின் நாலு மூலையிலும் மோதி இடித்துப் போடுகிறது. ஏழு மகன், மூன்று மகள், பத்துப் பேரும் செத்துப்போகிறார்கள். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில், அதாவது கடைசியில், எல்லாம் திரும்பி வருகிறது. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆகிறது. மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம். ஐந்நூறு ஏர்மாடு ஆயிரம், ஐந்நூறு கழுதை ஆயிரம். ஒன்றுவிடாமல் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் ஏழு மகன், மூன்று மகள்.

எங்கள் வாத்தியார் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஆடு செத்தால் செத்ததுதான். பிள்ளைகள் அப்படியல்ல, அவர்கள் தேவனிடத்தில் இருக்கிறார்கள். அந்தப் பத்தோடு இந்தப் பத்தையும் கூட்டினால் இருபது, ஆகவே அதுவும் இரட்டிப்புதான் என்றார். பழைய வியாக்கியானம் இது. கேட்டபோது மனது நிறைந்துபோனது. இப்போது எடுத்து வாசிக்கையில் அவ்வளவு எளிதாக நிறைய மாட்டேன் என்கிறது. வெட்டின மரம்கூடத் தண்ணீரின் வாசம் பட்டால் துளிர்க்கும், மனிதன் படுத்தால் எழுந்திருப்பதில்லை என்று பதினாலாம் அதிகாரத்தில் புலம்புகிறவன் யோபுதான். தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று பத்தொன்பதாம் அதிகாரத்தில் சொல்கிறவனும் அவன்தான். நடுவில் ஐந்தே அதிகாரம். எதை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. பெருங்காற்றிலிருந்து தேவன் பேசுகிறார். நாலு அதிகாரம் பேசுகிறார். பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கிறார். விண்மீன், பனி, சிங்கக்குட்டி, காக்கைக் குஞ்சு, குதிரையின் பிடரி எல்லாம் வருகின்றன. வரையாடு ஈனுகிற காலம் உனக்குத் தெரியுமா என்றுகூடக் கேட்கிறார். செத்துப்போன பத்துப் பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் வரும் பத்துப் பேரைப் பெற்றவள் யார் என்றும் இல்லை. ஆரம்பத்தில் ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போன மனைவி, முடிவில் காணவே இல்லை. அவள் பக்கத்தில் ஒரு பெரியம்மா உட்கார்ந்து, போன உயிரே வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பாளா? அதற்கு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்?

இந்தப் பத்தை என்னைவிட அதிகமாகச் சுமந்தவர் தஸ்தயேவ்ஸ்கி. 1868-இல் ஜெனீவாவில் அவருடைய முதல் குழந்தை சோபியா, செல்லமாகச் சோனியா, பிறந்து மூன்றே மாதத்தில் இறந்தது. இன்னும் பிள்ளைகள் பிறக்கும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள், ஆனால் என் சோனியா எங்கே என்று கேட்டுக் கவிஞர் மாய்க்கவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன்பின் பிள்ளைகள் பிறக்கவே செய்தார்கள். 1875 ஜூனில் சிகிச்சைக்காக ஜெர்மனியின் எம்ஸ் நகரில் தங்கியிருந்தபோது யோபு ஆகமத்தைத் திரும்ப வாசித்தார். வாசிக்க முடியாமல் அறைக்குள் நடப்பதாகவும் அழுகை வந்துவிடுவதாகவும் ஊரில் இருந்த மனைவி அன்னாவுக்கு எழுதினார். சின்னஞ்சிறு வயதில் தன்னை முதலில் உலுக்கிய புத்தகங்களில் அது ஒன்று என்றும் எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அன்னா கர்ப்பிணி. ஆகஸ்டில் அலெக்ஸேய் பிறந்தான். மூன்று வயது முடிவதற்குள், 1878 மே மாதம், வலிப்பு வந்து இறந்தான். வலிப்பு தகப்பனின் நோய்.

மகன் போன அடுத்த மாதம் தஸ்தயேவ்ஸ்கி ஆப்டினா மடத்துக்குப் போய் அம்புரோஸ் என்ற மூத்த துறவியைப் பார்த்தார். அங்கே கேட்டுவந்தது 'கரமசோவ் சகோதரர்க'ளில் ஸோஸிமா என்ற துறவியைத் தேடிவரும் ஒரு தாயின் காட்சியில் இருக்கிறது. அவள் வண்டிக்காரன் மனைவி. மூன்று வயது நிறையாத மகனைப் பறிகொடுத்துவிட்டு ஊர் ஊராக நடந்து வந்திருக்கிறாள். பையனின் சட்டை, அவன் போட்ட குட்டி பூட்ஸ், அறைக்குள் அவன் தத்தித் தத்தி ஓடிய சத்தம், இவற்றைத் தவிர அவளுக்குப் பேச வேறு விஷயமே இல்லை. துறவி முதலில் எல்லாரும் சொல்வதையே சொல்கிறார்: குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறது, சந்தோஷப்படு. என் புருஷனும் இதைத்தான் சொல்கிறார், சொல்லிவிட்டு அவரும் அழுகிறார் என்கிறாள் அவள். மடியில் ஒளித்துவைத்திருந்த பையனின் இடைவாரை எடுக்கிறாள், பார்த்ததும் உடைந்துபோகிறாள்.

அப்போது துறவி வேறு வழிக்கு வருகிறார். ஆறுதல் அடையாதே, உனக்கு ஆறுதல் வேண்டாம், அழு என்கிறார். நெடுநாள் அழுகை இருக்கும், கடைசியில் அது அமைதியான ஒரு சந்தோஷமாக மாறும் என்கிறார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. முதலில் சொன்ன ஆறுதலில் பொய் இல்லை, அவர் அதை நம்புகிறவர். ஆனாலும் அந்த இடைவாருக்கு முன்னால் அதை அழுத்திச் சொல்லாமல் விடுகிறாரே, அதில்தான் அவருடைய துறவு இருப்பதாக எனக்குப் படுகிறது.

பின்னால் அதே துறவி யோபுவைப் பற்றியும் பேசுகிறார். முதல் பிள்ளைகள் இல்லாதபோது புதிய பிள்ளைகளை அவன் எப்படி நேசித்திருப்பான் என்று கேட்கிறார். முடியும், அதுதான் வாழ்வின் பெரிய மர்மம் என்று அவரே பதில் சொல்கிறார். ஜெனீவாவில் எழுந்த கேள்விக்குப் பதினோரு வருடம் கழித்துத் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய பதில் என்று இதைச் சொல்லலாம். ஆனால் நாவல் அதோடு விடவில்லை. சாகக்கிடக்கிற சிறுவன் இல்யூஷா தன் அப்பாவிடம், நான் செத்ததும் இன்னொரு நல்ல பையனை எடுத்து, அவனுக்கும் இல்யூஷா என்று பேர் வைத்து வளருங்கள் என்கிறான். அந்த ஏழைத் தகப்பன் வெளியே ஓடிவந்து, எனக்கு வேறு நல்ல பையன் வேண்டாம், வேறு யாரும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான். துறவியின் பதிலும் இந்தத் தகப்பனின் மறுப்பும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றை அடிக்க ஆசிரியர் முயலவில்லை.

நம் கதைகளில் போன பிள்ளையே திரும்ப வருகிறது. திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டரும் திருவெண்காட்டு நங்கையும் மகன் சீராளனை அறுத்துச் சமைக்கிறார்கள். கூப்பிட்டதும் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவனைப்போல ஓடி வருகிறான். அதே சீராளன். பாம்பு தீண்டிய அரிச்சந்திரன் மகன் லோகிதாசனும் அப்படித்தான் எழுந்திருக்கிறான். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் அரிச்சந்திரா நாடகம் போடுவார்கள். மயான காண்டம் தொடங்கவே நடுச்சாமம் தாண்டிவிடும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சந்திரமதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். வெட்டியானாக நிற்கிற புருஷன் அடையாளம் தெரியாமல் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்பான். அப்பத்தா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்ளும். சிவபெருமான் வருகிற நேரம் ஆர்மோனியம் வேகமெடுக்கும், பையன் எழுந்திருக்கப் போகிறான் என்று நான் முட்டிபோட்டு எக்கிப் பார்ப்பேன். சரியாக அந்த நேரத்தில் அப்பத்தா பாயைச் சுருட்டும். "எந்திரிடா, போவம். இனிமே சாமி பாத்துக்கும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கும். வயல்வரப்பில் போகும்போது பின்னால் கூட்டத்தின் கைதட்டு கேட்கும்.

ஏன் என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை இருந்து இல்லாமல் போனது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அதனால்தானா, அல்லது விடிந்தால் நடவு இருக்கிறது என்பதனாலா, சொல்ல முடியாது. பிள்ளையைத் தோளில் சுமந்து வருகிறவளின் பாட்டு முழுவதையும் உட்கார்ந்து கேட்டது. பிள்ளை எழுந்திருப்பதைப் பார்க்க மட்டும் நிற்கவில்லை. விபூதி பூசாமல் அப்பத்தா வாசல்படி தாண்டியதில்லை. பக்தி குறைந்து பாயைச் சுருட்டியிருக்காது.

அத்தைக்கு வீட்டில் கூப்பிடுகிற பேர் பிச்சை. ஒரு பிள்ளை போய் அடுத்தது பிறந்தால் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, பிச்சை என்றோ குப்பை என்றோ பேர் வைக்கிறது பழைய வழக்கம். எமன் வந்து பார்த்தாலும் இது எதற்கும் ஆகாதது என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காக. அத்தைக்கு மூக்கும் பிறந்த கையோடு குத்தியிருந்தார்கள். பயத்திலும் அன்பிலும் வைத்த பேர் அது. சாகும்வரை அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

இது நினைவுக்கு வந்தபிறகுதான் யோபுவின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. முதல் பத்துப் பேரில் ஒருவருக்கும் புத்தகத்தில் பேர் இல்லை. இரண்டாவது பத்தில் மூன்று மகள்களுக்கு மட்டும் பேர் சொல்லப்படுகிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். புறாவும் வாசனைப்பட்டையும் கண்மைச் சிமிழும் அந்தப் பேர்களுக்குள் இருக்கின்றன என்கிறார்கள். பத்துப் பேரைக் குழியில் வைத்தவன், குப்பை என்று கூப்பிட எல்லா நியாயமும் இருந்தவன், மகளை மைச்சிமிழ் என்று கூப்பிடுகிறான். தேசமெங்கும் அவர்களைப்போல அழகான பெண்கள் இல்லை என்று எமன் காதுபடச் சொல்லப்படுகிறது. அண்ணன் தம்பிகளோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு கொடுக்கிறான். அந்தக் காலத்தில் அது சாதாரணமில்லை. ஆடுமாட்டு இரட்டிப்பைவிட இந்த மூன்று பேர்களில்தான் மீட்பு என்று ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இழந்தது திரும்பவில்லை, கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. இருந்தும் அடுத்ததை அதன் சொந்தப் பேரில், சொந்த முகத்தில், பார்க்க அவனால் முடிந்திருக்கிறது.

ஆனால் முதல் அதிகாரத்தில் ஒரு பழக்கம் சொல்லப்படுகிறது. பிள்ளைகளின் விருந்து நாட்கள் முறைப்படி முடிந்ததும் யோபு விடியலில் எழுந்து அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் தகனபலி செலுத்துவான். ஒருவேளை மனதுக்குள் தேவனைத் தூஷித்திருப்பார்களோ என்ற பயம். அந்தப் பலிகளால் அந்தக் காற்று நிற்கவில்லை. கடைசி அதிகாரத்தில் தன்னைக் குற்றம் சொன்ன நண்பர்களுக்காக அவன் வேண்டிக்கொள்வது எழுதியிருக்கிறது; புதிய பிள்ளைகளுக்காக விடியலில் எழுந்தானா என்பது எழுதப்படவில்லை. விட்டுவிட்டான் என்றால், அது கை சோர்ந்ததாலா, பயம் தீர்ந்ததாலா? தொடர்ந்து செய்தான் என்றால், ஒருமுறை ஒன்றுக்கும் உதவாமல் போன வேண்டுதலை அதே கையால் இன்னொரு முறை செய்ய எது அவனை எழுப்பியது? மகள்களுக்கு வைத்த பேரைப் பார்த்தால் பயம் விட்டுப்போன மனிதன் மாதிரி இருக்கிறது. சொத்தைத் தானே பிரித்துக் கொடுத்ததைப் பார்த்தால் எந்த நேரத்தில் என்ன காற்று வருமோ என்று அஞ்சியவன் மாதிரியும் இருக்கிறது. இரண்டில் எது என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.