எஞ்சியதும் ஈவதும்

தமக்கு வேண்டாததைப் பிறர்க்குக் கொடுப்பது ஈகை ஆகுமா? அறநூல் வல்லார் ஆராய வேண்டிய இவ்வினாவை எம்முன் எழுப்பியது ஒரு பூனை என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் நிகழ்ந்தது அதுவே.

நிக்டியில் நாம் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து சேர்ந்தது. அண்டை வீட்டு மராத்தியச் சிறுவர் அதனை ‘மனி’ என்றழைத்தனர். பூனைக்கு அம்மொழியில் வழங்கும் செல்லப்பெயர் அது. எம் மக்கள் வாயில் அதுவே ‘மணி’ ஆயிற்று. கும்பகோணத்திலிருந்து எம் தாயார் வந்து இரண்டு திங்கள் எம்முடன் தங்கியிருந்த காலம் அது.

ஒரு ஞாயிறன்று மணிக்கு விளையாட்டுப் பொருள்கள் செய்ய முனைந்தோம். தையற்கடையில் மிஞ்சிய இரவிக்கைத் துண்டுகள், இணை தொலைந்த காலுறை, பழைய தலையணைப் பஞ்சு ஆகியவை போதுமானவையாக இருந்தன. காலுறைக்குள் பஞ்சடைத்து வாயைத் தைத்ததும் எலி உருவாயிற்று. நூலையோ பொத்தானையோ பூனை விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஊறு நேரும். ஆதலின் கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை. தொங்கிய நூல்களையும் கத்தரித்தோம். வேலியோரத்துக் குப்பைமேனியின் வேரை ஒரு துணிப்பந்தினுள் பொதிந்தோம். அவ்வேர் பூனையை ஈர்ப்பதாலன்றோ அச்செடிக்குப் ‘பூனைவணங்கி’ என்ற பெயரும் உண்டாயிற்று!

எல்லாவற்றையும் மணியின் முன் பரப்பிவிட்டுப் பெருமிதத்துடன் நாளிதழை விரித்தோம். மணி எலியை முகர்ந்து பார்த்து விலகியது. பந்தின்மேல் சற்றே உருண்டு, பின் அதனையும் மறந்தது. குப்பைக்குப் போகவிருந்ததைக் கொடுத்தால் பூனையும் கொள்ளாது போலும் என்று சலித்துக்கொண்டோம்.

தாயார் சிரித்தார். காலுறை எலியை ஒரு நாடாவில் கட்டித் தரையில் மெல்ல இழுத்தார், நிறுத்தினார், கதவின் பின்னே மறைத்தார். மணி பதுங்கிற்று, பின் பாய்ந்தது. விளையாட்டு முடிந்ததும் நாடாவை அவிழ்த்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். “துணி சும்மா கெடந்தா துணிதாம்பா. நீ கூட உக்காந்து இழுத்தாத்தான் அதுக்கு எலி” என்றார்.

பூனைக்கு விளையாட்டென்பது வேட்டைப் பயிற்சி. அசையாப் பொருள் அதற்கு இரையன்று; அசைவைத் தருவது நம் கை. ஆகவே நாம் கொடுத்த பொருளில் குறையில்லை. உடனிருத்தலே அக்கொடையில் விடுபட்டிருந்தது. பழஞ்சேலைகளை அடுக்கி இந்நாட்டுப் பெண்டிர் தைக்கும் ‘கோதடி’யை நினைத்துப் பார்ப்போம். சேலை எஞ்சியதுதான்; அதன்மேல் ஓடும் ஆயிரம் தையல்கள் எஞ்சியவையல்ல.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை வள்ளல் எழுவருள் ஒருவனாகப் போற்றுகிறோம். அப்பேகனே தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான் என்பதைப் புறநானூறு மறைக்கவில்லை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள் துயரை அவனிடம் எடுத்துரைத்தனர். பொருளைப் பரிசிலாகக் கேளாமல், அவளிடம் அவன் மீளுவதையே பரிசிலாகக் கேட்ட புலவர் உளர். போர்வையை எளிதில் ஈந்தவனுக்கும் தன்னை ஈவது அரிதாயிற்று!

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் நிலை என்ன? திங்கள்தோறும் தவறாது பெற்றோர்க்குப் பணம் அனுப்புகிறோம். காலத்தில் மட்டும், அலுவலும் அங்காடியும் போக எஞ்சிய துண்டையே தருகிறோம். புறப்படும் நாளன்று தாயார் குறையாகச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டியவாறே, “பணம் மாசாமாசம் வருதுப்பா, நீதான் வரல்லே” என்றார்.

நடுவணரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை 300 நாள் வரை சேமித்து, ஓய்வு பெறுகையில் பணமாக்கிக்கொள்ளலாம். அக்கணக்கை நாமும் கருத்தாகப் பேணி வந்தோம். எழுபதைக் கடந்த தாயார்க்குரிய நாள்களை எந்த ஏட்டில் சேமிப்பது?

எஞ்சியதைக் கொடுப்பது இழுக்கன்று. அதனோடு நாமும் செல்லாதிருப்பதே இழுக்கு. தைத்திங்களுக்கு 20 நாள் விடுப்புக் கோரி விண்ணப்பம் எழுதிவிட்டோம். அதுவரை, மாலைதோறும் அரைமணி நேரம், பெட்டியிலிருந்து நாடா வெளியே வருகிறது, மணியும் வருகிறது.