யார் எடுத்த முடிவு?

நிகழ்ச்சி நடைபெறாது என்று அறிவிப்பது குற்றமா? அன்று. புயல் வரும், பேச்சாளர் நோயுறுவார், பந்தலைப் பிரித்துவிட்டுக் காரணத்தைச் சொன்னால் மக்கள் பொறுத்துக்கொள்வர். நிறுத்தியவர் யார் என்பதை மறைக்கலாமா என்பதே நாம் கேட்பது.

2023 அக்டோபர் 20. ஜெர்மனியில், பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சியில் அன்று ஒரு விழா நடக்க வேண்டும். பாலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லிக்கு லிட்புரோம் என்ற இலக்கிய அமைப்பு பரிசளிக்க இருந்தது. 1949இல் இஸ்ரேலியப் படையினர் ஒரு பெதூயின் சிறுமியைக் கெடுத்துக் கொன்ற கொடுமையைச் சொல்லும் நாவலுக்கான பரிசு அது. அக்டோபர் 7இல் ஹமாஸ் தாக்கியது, போர் மூண்டது. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், விழா இல்லை என்றது அமைப்பு. அதோடு நின்றதா? எழுத்தாளரோடு சேர்ந்து எடுத்த முடிவு என்றும் சொல்லிற்று!

அவர் இசையவில்லை என்று மறுத்தது எழுத்தாளர் தரப்பு. விழா நடந்திருந்தால், கொடிய காலத்தில் இலக்கியத்தின் பணி யாது என்று பேசியிருப்பாராம்.

அஞ்சினோம், ஆகவே நிறுத்தினோம் என்று சொல்லியிருக்கலாம். அச்சம் மனித இயல்பு, அதனோடு வாதாடலாம். வாயைப் பொத்திவிட்டு, பொத்தப்பட்டவரின் ஒப்புதலையும் தாமே எழுதிக்கொண்டால் யாரோடு வாதாடுவது? அடக்குவோர் எங்கும் இப்படித்தானே பேசுகின்றனர், அவர்களே இசைந்தார்கள் என்று!

600க்கும் மேற்பட்டோர் கண்டனக் கடிதத்தில் ஒப்பமிட்டனர். நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னா, ஆனி எர்னோ, ஓல்கா டோகார்சுக் ஆகியோரும் அதில் உண்டு. எழுத்தாளருக்கு மேடை வேண்டும் என்றனர் அவர்கள். நியாயமே. நாம் கேட்பது அதனினும் சிறிது: ‘சேர்ந்து’ என்ற அந்த ஒரு சொல்லை எழுதியது யார்?