அளப்போரும் அளக்கப்படுவோரும்

கொழும்பு மாளிகாவத்தையில், தொடர்மாடி வீடுகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் சூழலிலே, 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம விளையாட்டரங்கு நிற்கிறது. அங்கும் ஆடப்பட்ட லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெட் போட்டிக்கு 2022 வரை அணிகள் முறைவைத்து வீரர்களைத் தெரிவு செய்தன. 2023 ஜூன் மாதத்தில் வெளிப்படையான ஏலமே நடந்தது. அரங்கின் வெளிச்சம் எட்டும் தூரத்தில் வாழும் ஏழைச் சிறுவனின் வீட்டில் “இவன் தேறுவானா?” என்று கேட்டால், அது இன்று பரீட்சையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று.

ஓர் இளைஞனின் நாளையை இன்றே அளந்து மதிப்புக் குறிப்பது அறமாகுமா? இதை ஆராய, அம்முறை முற்றி வளர்ந்துள்ள அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

அங்கு என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கழகம் ஆண்டுதோறும் இரண்டு சுற்றுகளில் புதிய வீரர்களைத் தெரிவு செய்கிறது. விதிப்படி மொத்தம் 60 இடங்கள். பல்கலைக்கழக அணியின் முன்கள வீரன் ஒருவன் இத்தெரிவுக்கு வந்தால், அவனது உயரம், விரித்த கைகளின் நீளம், பாய்ச்சல், வயது யாவும் அளக்கப்படுகின்றன. ஒத்த திறமையுள்ள இருவரில் இளையவனுக்கே மதிப்பு அதிகம். அவனிடம் இன்னும் வளர்ச்சி மீதியிருக்கிறதாம். அணி வீரனைத் தெரிவு செய்யலாம். வீரன் அணியைத் தெரிவு செய்ய முடியாது.

இந்த அளவுகோல் எவ்வளவு நேரியது? முன்கள வீரர் இருவரைப் பார்ப்போம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிய டிரேமண்ட் கிரீன், தம் இடத்துக்கு உயரம் போதாதவர் என ஐயுறப்பட்டார். 2012இல் 34 பேர் தெரிவான பின்னரே, 35ஆவதாக அவர் பெயர் அழைக்கப்பட்டது. அவர் இடம்பெற்ற அணி நான்கு முறை வாகை சூடியது. 2017இல் கழகத்தின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. மறுபுறம், பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு ஆடிய அந்தோனி பெனற் 2013இல் முதலாவதாகத் தெரிவானார். 2017 ஜனவரிக்குப் பின் அவர் அக்கழகத்தின் பருவ ஆட்டம் எதிலும் இறங்கவில்லை.

கணிப்புத் தவறுவது மனித இயல்பு. அதை நாம் குற்றமென்று கூறவில்லை. தவறின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதே நம் வினா. பெனற்றைத் தவறாக மதித்தவர்கள் அணியின் அதிகாரிகள். ஆனால் ஏளனப் பட்டியல்களில் ஆண்டுகள் பலவாக நிற்பது அந்த இளைஞரின் பெயர். அவருக்கு ஊதியமாவது கிடைத்தது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங், 14 வயதில் புளோரிடாவுக்குப் பயிற்சிக்குச் சென்று, 2015இல் 52ஆவதாகத் தெரிவானார். இந்தியாவிற் பிறந்து இத்தெரிவில் இடம்பெற்ற முதல்வர் அவரே. எனினும் என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. அணிக்குப் போனது பின்வரிசையில் ஓர் இடம். அவருக்குப் போனதோ இளமையின் ஐந்து ஆண்டுகள். தெரிவுப் பட்டியலையே எட்டாதவர்களின் கதையை எழுதுவார் யாருமில்லை.

“ஏழைப் பிள்ளைக்கு வேறு வழி எது? திறந்த கதவையும் அடைக்கச் சொல்கிறீர்களா?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வறுமையிலிருந்து வெளியேற விரும்பும் இளைஞனைத் தடுக்கும் உரிமை நமக்கில்லை. ஆயினும் ஆயிரமாயிரம் பேர் முட்டிமோதும் இடத்தில் 60 பேருக்கு மட்டும் திறக்கும் கதவை வாய்ப்பு என்று புகழ்வோர், வெளியே நிற்போருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாணவர்களின் ஆட்டத்தால் பல்கலைக்கழகங்கள் பெரும்பொருள் ஈட்டின. எனினும் தம் சொந்தப் பெயரைக் கொண்டு பொருளீட்டும் உரிமை மாணவர்க்குக் கிடைத்தது 2021 ஜூலையில்தான். பல்கலைக்கழகங்கள் தம் வருவாயில் நேரடியாகப் பங்கு கொடுக்கத் தொடங்கியதோ 2025இல். நீதிமன்றங்களில் நெடுநாள் வழக்காடியே இவை பெறப்பட்டன.

ஆசிரியரும் மாணவரை அளக்கிறார். குறையைக் கண்டு திருத்துவதற்காக அளக்கிறார். கடைசி வரிசை மாணவனும் மறுநாள் அவர் வகுப்புக்கே வருகிறான். வாங்குவோர் அளப்பது வேண்டியவனை எடுத்து, மற்றவனை மறப்பதற்காக. நம் பாடசாலைகள் இவ்விரண்டில் எதைப் பின்பற்றப் போகின்றன? பயிற்சிக்காக வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லப்படும் மாணவனுக்கு, இழந்த பாடவேளையைத் திருப்பித் தரும் கடமை அழைத்தவருக்கு உண்டு. காலொடிந்தால் மருத்துவச் செலவும், தெரிவாகாவிட்டால் படிப்பைத் தொடர இடமும் முன்கூட்டியே உறுதிசெய்யப்பட வேண்டும். இவற்றைத் தர மறுத்துக்கொண்டு “இவன் தேறுவானா?” என்று தீர்ப்புக் கூற எவருக்கும் உரிமையில்லை.