தலை மாறிய இயந்திரம்

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் தொடுத்த வினாக்களுள் தலை மாறியவர்களின் கதையும் ஒன்று. காளி கோயிலில் தலையற்றுக் கிடந்த கணவனையும் உடன்பிறந்தானையும் தெய்வ அருளால் எழுப்பப் புகுந்த பெண், பதற்றத்தில் ஒருவன் தலையை மற்றவன் உடலிற் பொருத்திவிடுகிறாள். உயிர்பெற்று எழுந்த இருவருள் கணவன் எவன்? கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது மன்னனின் தீர்ப்பு. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லிப் பழகிய நம்மவர்க்கு அத்தீர்ப்பு உவப்பானதே. ஆயினும் அதனைப் பொருள்களின் உலகிற்குக் கொண்டுசென்றால் தடுமாறுகிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு இயந்திரம் ஒன்றே அதற்குப் போதும்.

கம்பியாற் கட்டிப் பறக்கவிடும் மாதிரி விமானத்தின் இயந்திரம் அது. இறக்கையிலிருந்து வரும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளை ஒரு கைப்பிடியிற் பற்றியபடி ஒருவர் நடுவில் நிற்பார். விமானம் ஏறத்தாழ 60 அடி ஆரத்தில் அவரைச் சுற்றிவரும். கைப்பிடி சாய்வதற்கேற்ப ஏறும், இறங்கும், தலைகீழாகவும் பறக்கும். 1940களில் அமெரிக்கரான ஜிம் வாக்கர் இக்கலையைப் பரப்பினார். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாணவரும் இதனைப் பயின்றுள்ளனர். 1947இல் ரே ஆர்டன் என்பார் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இயந்திரம் மிக எளிதாயிற்று. மின்கலத்தால் ஒருமுறை கனலவைத்துவிட்டால், அதிலுள்ள பிளாட்டினக் கம்பிச்சுருள் மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து, இயந்திரம் ஓடும்வரை தானே கனன்றுகொண்டிருக்கும். எரிபொருளில் மசகாகச் சேர்வது வேறெதுவுமன்று; நம் பாட்டிமார் குழந்தைகளின் வயிற்றைக் கழுவப் புகட்டிய அதே விளக்கெண்ணெய்தான்.

குளோ பிளக் பொருந்தியிருக்கும் அலுமினிய மூடியே சிலிண்டர் ஹெட். தலை என்றே அதனைத் தமிழிற் சொல்லிவிடலாம். எரியும் வாயுவை அடைத்து வைப்பதும், அது எவ்வளவு நெருக்கப்படவேண்டும் என்பதை உறுதிசெய்வதும், செதில் செதிலாக விரிந்து வெப்பத்தைக் காற்றில் விடுவதும் அதன் பணிகள். முதலிற் கெடுவதும் அதுவே. பிளக்கை மாற்றி மாற்றி முறுக்குவதால் மரை தேயும். விமானம் தரையில் மோதினால் செதில் உடையும். விளக்கெண்ணெய் கருகிப் பழுப்பாகப் படியும். அப்படிவைப் போக்க எண்ணிச் சோடாக் காரத்தில் ஊறவைத்தவர், படிவோடு வண்ணத்தையும் உலோகத்தையும் சேர்த்தே இழந்தார். ஆகவேதான் பழைய இயந்திரங்களைப் போற்றுவோர் தலையைத் தேடி அலைகின்றனர்.

இங்கேதான் வேதாளம் மீண்டும் முருங்கை மரத்திலிருந்து இறங்குகிறது. மெக்காய் இயந்திரங்களுள் ஒரு வகைக்குச் 'செந்தலை' என்பதே பெயர். ஆங்கிலத்தில் 'ரெட் ஹெட்'. அதன் சிவந்த தலையைக் கழற்றிவிட்டால் பெயரே போய்விடும். விக்கிரமாதித்தன் தீர்ப்பு அதற்குப் பொருந்தும். ஆனால் 1940களின் இறுதியில் பிறந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் வார்க்கப்பட்டுவந்த ஃபாக்ஸ் 35 இயந்திரத்திற்கு அது பொருந்தாது. ஏறத்தாழ 5.7 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய அவ்வியந்திரத்தின் பெயர் தலையில் இல்லை, உடற்கூட்டில் இருக்கிறது. அதற்கு ஒரு குறையும் உண்டு: வானில் எட்டுப்போல் வளையும்போது ஏப்பம் விட்டதுபோல் ஒருகணம் திக்கும். அக்குறையைத் தீர்க்கச் சிலர் உட்புறத்தைத் திருத்துவர். சிலர் வேறு வடிவத் தலையைப் பொருத்துவர். திக்கல் நீங்கிய ஃபாக்ஸ், ஃபாக்ஸ்தானா? ஆம் என்றே சொல்லவேண்டும். மிருதங்கத்தின் தோல் எத்தனை முறை மாற்றப்படினும் அதனை வேறு மிருதங்கம் என்பாரில்லை; அதன் நாதம் எழுவதோ அத்தோலிலிருந்துதான்.

புலாவ் செபாங் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. மலாக்கா மாநிலத்து மண்ணில் நின்றுகொண்டு, நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தம்பினின் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்தது அவ்வூர் ரயில் நிலையம். இரட்டைப் பாதை வந்தபின் கட்டடமும் தண்டவாளமும் புதியவை; ஆயினும் அது அதே நிலையந்தான். அங்கிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் திறக்கப்பட்ட கிளைப்பாதையின் கதை வேறு. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன, சயாம் மரண ரயில் பாதைக்காக. நம் தோட்டத்துத் தமிழர் ஆயிரமாயிரம் பேர் மடிந்ததும் அப்பாதையிலேதான். உறுப்புகள் மாறியதால் நிலையம் அழியவில்லை. உறுப்புகள் பறிக்கப்பட்டு ஈடு வைக்கப்படாமையால் கிளைப்பாதை அழிந்தது.

பழைய இயந்திரம் வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை எண்ணுவதே இல்லை. புதிதாகக் கடைந்த தலையைப் பொருத்துவதைக் குற்றமென்று முகஞ்சுளிக்கும் ஒருவர், முழுதாக இருக்கும் மற்றொரு பழைய இயந்திரத்தின் தலையைக் கழற்றி எடுத்துக்கொள்வதைக் குற்றமாகக் கருதுவதில்லை. அவர் கையில் ஒன்று 'அசல்' ஆகிறது. உலகில் ஒன்று முண்டமாகிறது. இதனினும் புதிய தலை எவ்வளவோ மேல்.

தலையை மாற்றுவது வேறு, இருக்கும் தலையை அரத்தால் தேய்ப்பது வேறு. கழற்றிய பழந்தலையை ஒரு தகரப்பெட்டியில் இட்டு இயந்திரத்தோடு வைத்திருப்பவர், தமக்குப் பின் வருபவர்க்கு உரிய முடிவை அவருக்கே விட்டுவைக்கிறார். தேய்த்தவரோ இன்னும் பிறவாத ஒருவரின் முடிவையும் தாமே எடுத்துவிடுகிறார். பெட்டியைத் திறவாமலே காப்பவரையும் இங்கே புகழ்வதற்கில்லை. பறப்பதற்கென்று பிறந்த பொருள் ஒருமுறையேனும் வானத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்பதில் தவறென்ன? ஆயினும் அவர் எதையும் அழிக்கவில்லை. அந்த அளவில் அவர்மேற் பழியில்லை.

பழி விற்பவரிடம் தொடங்குகிறது. புதிய தலையைப் புகையிட்டு, கீறி, எண்ணெய் கருக்கி, அறுபது ஆண்டு முதுமையை ஒரு மாலைப்பொழுதில் அதன்மேல் ஏற்றுவோர் உண்டு. அவர் வாய்திறந்து பொய் சொல்வதில்லை. பொய்யைச் சொல்லும் வேலையை உலோகத்திடம் விட்டுவிடுகிறார். வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த அதிகாரம் நாவுக்கு மட்டும் உரியதென்று அவர் எண்ணிக்கொள்வார் போலும். போட்டி விதிகளை வகுத்தோர் இதில் தெளிவாக இருந்தனர். அமெரிக்காவில் 1970க்கு முற்பட்ட விமானங்களுக்கென நடக்கும் போட்டியில் விமானத்தின் வரைபடத்திற்கே வயது கேட்பர். இயந்திரம் புதியதாக இருக்கலாம். அங்கே முதுமையை நடிக்க வேண்டிய தேவையே எழவில்லை. விலை பேசுமிடத்தில்தான் அத்தேவை எழுகிறது.

அதனைத் தடுக்கும் வழியும் கடைசல்காரர் கையிலேயே இருக்கிறது. தலையின் அடிப்புறத்தில், எரியறையைத் தொடாத ஓரத்தில், செய்த ஆண்டைச் சிறிய எண்ணாகப் பொறித்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது தெரியாது. செந்தலையின் அழகும் குன்றாது. ஐயமுற்றவர் திருகாணிகளைக் கழற்றித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.