செயற்கைப் புல்லும் அகிம்சையும்

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில் வீராம்பட்டினம் சென்றிருந்தோம். நம் தங்கை மகன் அங்கே, செங்கழுநீர் அம்மன் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், கடற்காற்று தடையின்றி வரும் இடமாகப் பார்த்து வீடு கட்டியிருக்கிறான். வீட்டின் முன்புறம் இரண்டரைச் சென்ட் நிலம். அது முழுவதும் பச்சைப் பசேலென்று புல். சமணக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குப் புல்லைக் கண்டால் கால் தானாகவே தயங்கும். நாமும் வாயிற்படியிலேயே நின்றுவிட்டோம். அவன் சிரித்தான். "தாராளமாக மிதியுங்கள், பெரியம்மா. இது பிளாஸ்டிக். இதற்கு ஓரறிவுகூடக் கிடையாது" என்றான்.

அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம். மாலையில் அவன் கூறிய செய்திதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. நாங்கள் பிறந்த ஊரில் உள்ள ஜினாலயத்தின் வெளிச்சுற்றில், மழைக்காலத்தில் புல் முளைத்துவிடுகிறது. கோடையிலோ கருங்கல் தளம் கால்களைச் சுடுகிறது. ஆகவே சுற்று முழுவதும் இந்தச் செயற்கைப் புல்லை விரித்து, மறைந்த தன் தந்தையின் நினைவாகக் கோயிலுக்கு அளிக்க அவன் எண்ணியிருந்தான். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் நம்முடைய ஒப்புதலைக் கேட்டான். "இதற்கு நீர் ஊற்ற வேண்டாம். வெட்ட வேண்டாம். பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். முனிவர் எழுந்தருளினாலும் தயக்கமின்றி நடக்கலாம். நம் தருமத்திற்கு இதைவிட ஏற்ற புல் உண்டா?" என்று கேட்டான்.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவன் கூற்றில் நியாயம் இருந்தது. உண்மைப் புல்தரை என்று நாம் மெச்சிக்கொள்வது எத்தகையது? ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம் குளிர்நாட்டுப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஒன்று. தூறலும் பனியும் உள்ள நாட்டில் தானாகத் தழைக்கும் புல்தரை, நம் கோடையில் சதுர மீட்டர் ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் கேட்கும். இரண்டரைச் சென்ட் நிலம் என்றால் நாளொன்றுக்கு 500 லிட்டர். புதுவைக் கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தைப் பிடிக்க உப்புநீர் உள்ளே வருகிறது. இதற்கு மேல், வாரந்தோறும் இயந்திரத்தால் வெட்டு; எறும்புக்கும் புழுவுக்கும் நஞ்சு. அழகு ஒன்றுக்காகவே உயிர்களை வளர்த்து, அழகு ஒன்றுக்காகவே அவற்றை வாரந்தோறும் வெட்டுவதை அகிம்சை என்று யார் சொல்வார்? எனவே, "உயிருள்ள புல்தான் நல்லது" என்ற எளிய மறுமொழி நமக்குக் கிட்டவில்லை.

அன்றிரவு ஜினசேன ஆசாரியரின் ஆதிபுராணத்தில் வரும் பரத சக்கரவர்த்தியின் நிகழ்ச்சியை நினைத்துப் பார்த்தோம். வாசகர்கள் அறிந்ததே. விரதம் காக்கும் இல்லறத்தாரைக் கண்டறிந்து சிறப்புச் செய்ய விரும்பிய பரதன், அரண்மனை முற்றத்தில் பசுந்தளிர்களையும் மலர்களையும் பரப்பிவிட்டு மக்களை அழைத்தான். பலர் மிதித்துக்கொண்டு உள்ளே சென்றனர். சிலர் மட்டும் புறத்தே நின்றனர். தளிரில் வாழும் எண்ணிறந்த உயிர்களை மிதித்து வர இயலாது என்றனர். மன்னன் அவர்களை வேறு வழியாக வரவழைத்துப் போற்றினான். அந்த முற்றத்தில் பிளாஸ்டிக் புல்லை விரித்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அனைவரும் உள்ளே சென்றிருப்பர். எவரும் பிழை செய்திருக்க மாட்டார். ஆனால் நின்று பார்க்க ஒருவருக்கும் நேர்ந்திராது. இந்தக் கற்பனை நம்மைச் சிறிது நேரம் தூங்கவிடவில்லை.

மறுநாள் முற்பகல் பதினொரு மணியளவில் அந்தப் பச்சை விரிப்பின்மேல் வெறுங்காலுடன் நடந்தோம். நான்கு அடிக்கு மேல் வைக்க முடியவில்லை. ஓரமாகக் கிணற்றடியில் தானே முளைத்திருந்த அருகம்புல்லின் அருகே குனிந்து கையை நீட்டிப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. வகுப்பில் பல ஆண்டுகள் நாமே கற்பித்த பாடம்தான். உயிருள்ள இலை நீராவியை வெளிவிட்டுத் தன்னையும் சூழலையும் குளிர்விக்கிறது. பாலிஎத்திலீன் இழைக்கு அந்தத் தொழில் தெரியாது. அது வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். கடும் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைக் கடப்பது வெளிநாடுகளில் பலமுறை அளந்து கண்ட உண்மை. பிள்ளைகள் விளையாட வந்தால் நம் தங்கை மகன் குழாயைத் திறந்து அதன்மேல் நீர் பீய்ச்சுகிறான். "நீர் ஊற்ற வேண்டாம் என்றாயே?" என்றோம். பேசாதிருந்தான்.

விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டச் சொன்னோம். அடியில் கருங்கல் தூள் இட்டு இறுக்கி, களை முளைக்காதபடி ஒரு துணி பரப்பியிருந்தது. அத்துணியையும் துளைத்துக்கொண்டு ஒரு கோரை முளை வந்திருந்தது. வெளிச்சம் காணாமல் வெள்ளை நூல்போல ஒரு சாண் நீளத்திற்கு விரிப்பின் அடியிலேயே ஊர்ந்து, வழி தேடி, முடிவில் வாடிக் கிடந்தது. தொடு உணர்வு ஒன்றே உடைய ஏகேந்திரிய ஜீவன். விரிப்புக்கு மேலே நடப்பவருக்கு ஜீவ இம்சை இல்லைதான். விரிப்பு முழுவதும் ஒரே மூச்சில் செய்து முடித்துவிட்ட இம்சையின்மேல் அவர் நடக்கிறார்.

நம் ஆகமங்கள் வினையை மூன்றாகப் பகுக்கின்றன: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். கால் எதை மிதிக்கிறது என்று மட்டும் பார்ப்பவர் முதலாவதோடு நின்றுவிடுகிறார். அந்த இழை கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. வெயிலிலும் மிதியிலும் ஆண்டுதோறும் இற்று உதிர்ந்து, மழைநீரோடு வாய்க்காலில் இறங்குகிறது. வீராம்பட்டினத்தில் வாய்க்காலுக்கும் கடலுக்கும் எவ்வளவு தொலைவு? கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்கை மீன் விழுங்குகிறது. ஓரறிவு உயிரைக் காக்க எண்ணி ஐயறிவு உயிரின் வயிற்றில் பிளாஸ்டிக்கை இடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டிலேயே, விளையாட்டுத் தரைகளில் இழைகளுக்கு இடையே நிரப்பும் நுண்ணிய ரப்பர், பிளாஸ்டிக் மணிகளின் விற்பனையை 2031ஆம் ஆண்டு முதல் தடை செய்து ஆணையிட்டுவிட்டது. நம் நாட்டில் 2022 ஜூலை முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குக் கூடத் தடை. நம் தங்கை மகனும் கடைக்குத் துணிப்பையோடுதான் போகிறான். வீட்டு வாசலில் மட்டும் நூறு சதுர மீட்டர் பிளாஸ்டிக்!

இந்தப் பொருள் பிறந்த கதையும் வேடிக்கையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கு ஒன்றை 1965இல் திறந்தார்கள். ஒளிபுகும் கூரை வழியே வந்த ஒளி ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச் செய்ததால் அதற்கு வண்ணம் பூசினர். ஒளியின்றி உள்ளே இருந்த புல் மடிந்தது. 1966இல் செயற்கைப் புல்லை விரித்தனர். பின்னர் 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட்டமே அதன்மேல் நடந்தது. மண்தரையிலும் புல்தரையிலும் வென்று பழகிய நம் நாட்டு அணி ஏழாம் இடத்திற்கு இறங்கியது. ஆயிரம் பேர் நாள்தோறும் ஆடும் திடலில் உயிருள்ள புல் தாங்காது என்பதை நாம் மறுக்கவில்லை. அங்கே ஒரு பயன் இருக்கிறது. பயனையும் கேட்டையும் எடை போட்டுப் பார்க்கலாம். வீட்டு வாசலிலோ, எடை போட மறுதட்டில் வைக்க ஒன்றுமில்லை.

இங்கேதான் அருங்கலச்செப்பு நமக்குத் துணை வந்தது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவிய அத்தமிழ் நூலை நம் வீடுகளில் பிள்ளைப் பருவத்திலேயே ஓதியிருக்கிறோம். இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம், அதாவது பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல். வீணே மண்ணைத் தோண்டுவதும், நீரைக் கொட்டுவதும், பசுமையை வெட்டுவதும் அதில் அடங்கும். உழவன் மண்ணைக் கிளறினால் சோறு வருகிறது. அவனை ஆசாரியர்கள் பழிக்கவில்லை. அழகுக்காக மட்டும் நீரூற்றி வெட்டும் புல்தரையும், அழகுக்காக மட்டும் மண்ணை மூடும் பிளாஸ்டிக் தரையும் இந்த விரதத்தின் முன் ஒன்றுதான். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டதே தவறு என்று நம் தங்கை மகனிடம் சொன்னோம்.

"அப்படியானால் வெறும் மண்ணாகக் கிடக்கட்டுமா?" என்றான். கிடக்கட்டும் என்றோம். நம் முன்னோர் வீடுகளில் பெருக்கித் தெளித்த மண்வாசல்தான் இருந்தது. பச்சை வேண்டுமென்றால், கடற்கரை மணலில் அடப்பங்கொடி படர்கிறது. இராவணன் மீசை என்னும் புல் வேரோடி மணலைப் பிடித்துக்கொள்கிறது. யாரும் நீர் ஊற்றுவதில்லை, யாரும் வெட்டுவதில்லை. காய்ந்த அதன் விதைப்பந்துகள் காற்றில் உருண்டோட, பிள்ளைகள் துரத்துவதைக் கண்டிருப்பீர்கள். அதன்மேல் நடக்க யாருக்கும் தோன்றாது, முள்ளாகக் குத்தும். தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரிந்த புல்.

கோயிலைப் பற்றிய பேச்சுக்கு அவன் இணங்கினான். வெளிச்சுற்றில் நடைபாதை அளவுக்குத் தென்னைநார் விரிப்பு வாங்கி அளித்தான். வெயிற்காலத்தில் விரிப்பர், மழைக்காலத்தில் சுருட்டி வைத்துவிடுவர். சுற்றின் ஓரங்களில் முளைக்கும் புல் அங்கேயே இருக்கிறது. அடியார்கள் விலகி நடக்கிறார்கள்.

வீட்டு விரிப்பு மட்டும் இன்னும் கிடக்கிறது. எடுத்துவிட மனம் வந்துவிட்டது என்று சென்ற மாதம் எழுதியிருந்தான். ஆனால் எடுத்து எங்கே போடுவது? எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது. இன்னொருவருக்குக் கொடுத்தால் அது செய்வித்தல் ஆகாதா, பெரியம்மா என்று கேட்டிருக்கிறான். நாம் இன்னும் மறுமொழி எழுதவில்லை.